ஊழிவெள்ளக் கதைகள்: சுமேர், விவிலியம், தமிழகம்

ஊழிவெள்ளக் கதை என்பது உலகமோ ஒரு நாடோ நீரில் மூழ்கிப்போக, ஒருவரோ சிலரோ தப்பி வாழ்வை மறுபடி தொடங்குவதைச் சொல்லும் தொன்மம். எழுத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை டைகரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு நடுவே இருந்த மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், களிமண் பலகைகளில் எழுதப்பட்டவை. யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான மறைநூலான ஆதியாகமத்தில் (கத்தோலிக்கர் வழக்கில் தொடக்க நூல்) 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்கள் நோவாவின் கதையைச் சொல்கின்றன. தமிழகத்தில் சீர்காழி, கும்பகோணம், மதுரை ஆகிய ஊர்களின் தலபுராணங்களும், கபாடபுரம், புகார் பற்றிய இலக்கியச் செய்திகளும் வெள்ளத்தையும் கடல்கோளையும் பேசுகின்றன.

இவற்றை வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு இரண்டு செய்திகள் தெளிவாகும். மெசொப்பொத்தேமியக் கதையும் நோவா கதையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்க் கதைகளின் கவலை வேறு: மனித இனம் பிழைத்ததா என்பதைவிட நூல் பிழைத்ததா, ஊர் பிழைத்ததா, கோயில் பிழைத்ததா என்றே அவை கேட்கின்றன.

களிமண்ணில் கிடைத்த கதை

அசீரியப் பேரரசின் தலைநகரான நினிவேயில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசுர்பனிபால் என்ற மன்னன் பெரிய நூலகம் ஒன்றை வைத்திருந்தான். நகரம் அழிந்தபோது மாளிகைகள் எரிந்தன. களிமண் பலகைகள் மண்ணுக்குள் புதைந்து தப்பின. 1853-இல் அந்த நூலகத்தின் பெரும்பகுதியைத் தோண்டியெடுத்தவர் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம். மோசுல் நகரத்துக் கிறிஸ்தவர். தான் வெளியே எடுத்த துண்டுகளில் ஒன்று நோவாவுக்கு முந்திய நோவாவைப் பற்றியது என்பது அப்போது அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்மித். லண்டனில் பணத்தாள் அச்சுக்கான செதுக்கு வேலை கற்ற தொழிலாளி. மதிய உணவு இடைவேளையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் போய்க் களிமண் பலகைகளின் ஆப்பெழுத்தைத் தானே படித்துக்கொண்டவர். பிறகு அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். ஒரு பலகையில் கப்பல் மலைமேல் தட்டி நின்றது, பறவையை வெளியே விட்டார்கள், அது தங்க இடமில்லாமல் திரும்பியது என்ற வரிகளை அவர் படித்தார். 1872 டிசம்பர் 3 அன்று விவிலியத் தொல்லியல் கழகத்தின் கூட்டத்தில் அதை அறிவித்தார். பிரதமர் கிளாட்ஸ்டன் சபையில் உட்கார்ந்திருந்தார். விடுபட்ட பகுதியைத் தேடி வர ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ் 1000 கினி கொடுத்து ஸ்மித்தை நினிவேக்கு அனுப்பியது. வெள்ளக் கதையின் இன்னொரு துண்டு அங்கே கிடைக்கவும் செய்தது. 1876-இல் அடுத்த பயணத்தின்போது நோய்கண்டு, 40 வயதைத் தொடாமலே, அலெப்போவில் அவர் இறந்தார்.

ஸ்மித் படித்தது மெசொப்பொத்தேமியாவின் கில்காமேஷ் காவியத்தின் 11-ஆம் பலகை. அதற்குப் பிறகு இன்னும் பழைய வடிவங்கள் கிடைத்தன. நிப்பூரில் எடுத்த சுமேரிய மொழிப் பலகை ஒன்றை 1914-இல் ஆர்னோ பெபல் வெளியிட்டார். அதில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது, நாயகன் பெயர் ஜியுசுத்ரா. அக்காடிய மொழியில் எழுதப்பட்ட அத்ராஹசிஸ் கதை மூன்று பலகைகள் கொண்டது. அதன் முக்கியமான படி கி.மு. 1635 வாக்கில் எழுதப்பட்டது. கில்காமேஷ் காவியத்தில் நாயகன் பெயர் உத்னபிஷ்டிம். பெயர்கள் மாறினாலும் ஊர் மாறவில்லை: மரபுப்படி இவர்கள் ஷுருப்பாக் நகரத்தவர்.

கதையின் போக்கு

அத்ராஹசிஸ் கதை மனிதர் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. சிறு தெய்வங்கள் பெருந்தெய்வங்களுக்காகக் கால்வாய் வெட்டிக் களைத்துப்போகின்றன. ஒருநாள் கருவிகளைக் கொளுத்திவிட்டு, தலைவன் என்லிலின் வாசலை முற்றுகையிடுகின்றன. உலக இலக்கியத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்று சொல்லலாம். சமரசமாக, பலியிடப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தத்தையும் சதையையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைச் செய்கிறார்கள். இனி மண் சுமப்பது அவன் வேலை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழிகின்றன. மனிதர்கள் பெருகி, அவர்கள் போடும் கூச்சலில் என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. கொள்ளைநோய் விடுகிறான், மழையை நிறுத்துகிறான், பஞ்சம் விடுகிறான், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வெள்ளம்.

இந்த இரகசியத்தை மனிதரிடம் சொல்வதில்லை என்று தெய்வங்கள் ஆணையிட்டிருக்கின்றன. அறிவுத் தெய்வமான என்கி ஆணையை மீறவில்லை. அவன் மனிதனிடம் பேசவில்லை, நாணல் சுவரிடம் பேசுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் அத்ராஹசிஸ் கேட்டுக்கொள்கிறான். வீட்டை இடி, படகு கட்டு, உடைமையை விடு, உயிரைக் காப்பாற்று என்பதே செய்தி. நீர்க்கடிகாரத்தைத் திறந்து ஏழாம் இரவில் வெள்ளம் வரும் என்று கெடுவும் வைக்கிறான்.

படகின் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. கில்காமேஷ் காவியத்தில் அது 120 முழம் நீளம், அகலம், உயரம் கொண்ட கனசதுரம். உள்ளே ஏழு தளம், தளத்துக்கு ஒன்பது அறை. ஆதியாகமத்தில் 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம், மூன்று தளம். 2014-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கெல் வெளியிட்ட பழைய பாபிலோனியப் பலகை வேறொரு வடிவத்தைத் தருகிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பலகையில் 60 வரிகள். அதன்படி படகு வட்டம். அடித்தளப் பரப்பு ஏறக்குறைய 3600 சதுர மீட்டர். ஈச்சநார்க் கயிற்றைச் சுருள்சுருளாகச் சுற்றித் தைத்து, உள்ளே மர விலாக்களை வைத்து, கீலைக் காய்ச்சி உள்ளும் புறமும் பூச வேண்டும். விலங்குகள் இரண்டிரண்டாக ஏற வேண்டும் என்ற குறிப்பும் அதில் உண்டு. ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவருக்கு இந்தப் படகை விளக்க வேண்டியதில்லை. பரிசலில் மூங்கில் பின்னல். ஈராக்கின் ‘குஃபா’வில் கயிற்றுச் சுருள். அடிப்பகுதியில் தார் பூசும் வேலை இரண்டுக்கும் பொது. ஃபிங்கெலின் பலகை சொன்ன முறையைச் சோதிக்க, ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காக அளவைக் குறைத்து அந்தப் படகைக் கட்டியதும் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில்தான். கசிவு இருந்தாலும் அது மிதந்தது.

எங்கே ஒன்றுபடுகின்றன

உலகெங்கும் வெள்ளக் கதைகள் உண்டு. ஆறும் கடலும் உள்ள இடத்தில் வெள்ளம் வரும். வெள்ளம் வந்த இடத்தில் கதையும் வரும். ஆகவே வெள்ளம், படகு, தப்பியவன் என்ற மூன்று மட்டும் பொதுவாக இருந்தால் அதை உறவு என்று சொல்ல முடியாது. தேவையற்ற சிறு விவரம் ஒன்று, அதே வரிசையில், இரண்டு இடத்திலும் வந்தால்தான் உறவு.

கில்காமேஷ் காவியத்தில் புயல் ஆறு பகல், ஏழு இரவு அடிக்கிறது. படகு நிமுஷ் மலையில் தட்டி நிற்கிறது. ஏழாம் நாள் உத்னபிஷ்டிம் புறாவை விடுகிறான், திரும்புகிறது. தகைவிலான் குருவியை விடுகிறான், அதுவும் திரும்புகிறது. காக்கையை விடுகிறான், வரவில்லை. இறங்கிப் பலி கொடுக்கிறான். தெய்வங்கள் மணத்தை முகர்ந்து கூடுகின்றன. நோவா முதலில் காக்கையை விடுகிறார், பிறகு புறாவை மூன்று முறை விடுகிறார். இரண்டாம் முறை அது ஒலிவ இலையோடு வருகிறது, மூன்றாம் முறை வரவில்லை. இறங்கிப் பலிபீடம் கட்டுகிறார். ஆண்டவர் மணத்தை முகர்ந்து, இனி இப்படி அழிப்பதில்லை என்று முடிவெடுக்கிறார். கடவுள் தரும் எச்சரிக்கை, படகின் அளவு, கீல் பூச்சு, உயிரினங்கள், மலை, பறவைகள், பலி, மணம் என்ற வரிசை கலையாமல் இரண்டிலும் நிற்கிறது. தற்செயல் என்று சொல்லித் தள்ள இங்கே இடமில்லை.

எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. கி.மு. 14-ஆம் நூற்றாண்டு வாக்கிலான கில்காமேஷ் பலகைத் துண்டு ஒன்று இஸ்ரேலில் மெகித்தோவில் கிடைத்துள்ளது. அத்ராஹசிஸ் கதைத் துண்டு சிரியக் கடற்கரையில் உகாரித்தில் கிடைத்துள்ளது. எனவே கானான் நாட்டு எழுத்தர்கள் அந்தக் கதையை முன்பே அறிந்திருந்தார்கள். மற்றொரு வழி, கி.மு. 586-இல் எருசலேம் வீழ்ந்து யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட காலம். நோவா கதைக்குள்ளேயே இரண்டு இழைகள் பின்னியிருப்பதை விவிலிய அறிஞர்கள் காட்டுகிறார்கள். ஓரிடத்தில் எல்லா உயிரிலும் ஒரு சோடி என்றும், இன்னோரிடத்தில் தூய விலங்குகளில் ஏழேழு சோடி என்றும் வருகிறது. மழை 40 நாள் என்று ஒரு கணக்கு. நீர் 150 நாள் நின்றது என்று மற்றொரு கணக்கு. வெவ்வேறு காலத்து எழுத்தர்கள் கையாண்ட கதை என்பதற்கு இது சான்று.

வெள்ளம் ஏன் வந்தது

எலும்புக்கூடு ஒன்றுதான், உயிர் வேறு. அத்ராஹசிஸில் வெள்ளத்துக்குக் காரணம் இரைச்சல், மக்கள்தொகை. தெய்வங்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒருவன் அழிக்கிறான், ஒருவன் கள்ளத்தனமாகக் காக்கிறான். மனிதர் அழிந்தபின் படையல் போட ஆளில்லாமல் தெய்வங்கள் பசியால் வாடுகின்றன. பலியின் மணம் எழுந்ததும் ஈக்களைப்போல் மொய்க்கின்றன. முடிவில் ஏற்படும் உடன்பாடும் மக்கள்தொகையைப் பற்றியது: மலட்டுத்தன்மை, சிசு மரணம், மணம் புரியாத பூசாரிணிகள்.

ஆதியாகமம் இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே ஒரே கடவுள். அவரே அழிக்கிறார், அவரே காக்கிறார். காரணம் கூச்சலன்று, பூமி வன்முறையால் நிறைந்தது. பசித்த தெய்வம் இல்லை. முடிவில் குழந்தைகளைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு நேர்மாறாக, பலுகிப் பெருகுங்கள் என்ற கட்டளை. வானவில்லை அடையாளமாக வைத்து உடன்படிக்கை. பழைய கதையை எடுத்து, அதன் இறையியலோடு மறுத்து வாதாடிய எழுத்து இது.

தமிழில் காரணம் இன்னொன்று. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் கடலுக்கு இரையானது ஊரார் செய்த பாவத்தால் அன்று. சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தை கப்பல் உடைந்து காணாமற்போகிறது. மகனைத் தேடும் துயரத்தில் அரசன் இந்திரவிழாவை மறக்கிறான். கடல்தெய்வமான மணிமேகலா தெய்வத்தின் சாபம் பலித்து நகரம் மூழ்குகிறது. விழா எடுத்தால் ஊர் நிற்கும், விட்டால் ஊர் போகும். தெய்வத்துக்குச் செலுத்த வேண்டியது நின்றுபோனதே கேடு என்ற அளவில் இது பாபிலோனியத் தெய்வங்களின் பசிக்குச் சற்று நெருங்கி வருகிறது. ஆனால் படகும் இல்லை, பறவையும் இல்லை, தப்பிய தனி மனிதனும் இல்லை.

எது தப்பியது

சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றுள் ஒன்று தோணிபுரம். ஊழியில் உலகம் மூழ்கியபோது சிவபெருமான் அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, பிரணவத்தைத் தோணியாக்கி, உமையோடு வந்து தங்கிய இடம் இது என்பது தலபுராணம். சட்டைநாதர் கோயில் என்று மக்கள் அழைக்கும் அந்தக் கோயிலில் கீழே பிரமபுரீசுவரர், நடுவில் கட்டுமலைமேல் தோணியப்பர், அதற்கும் மேலே சட்டைநாதர் என்று மூன்று நிலைகள். ஊழியில் மிதந்த ஊர் என்ற செய்தி 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தேவாரத்தில் இருக்கிறது. நோவாவின் பேழையில் விலங்குகள். தோணியப்பரின் தோணியில் கலைகள்.

இதற்கு நேரான செய்தி மெசொப்பொத்தேமியாவில் பிற்காலத்தில் வருகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பெரோசஸ் என்ற பாபிலோனியப் பூசாரி கிரேக்க மொழியில் தன் நாட்டு வரலாற்றை எழுதினான். அதில் வெள்ளத்தின் நாயகனான சிசூத்ரஸ் படகில் ஏறுமுன், எழுதப்பட்ட நூல்கள் அனைத்தையும் சிப்பார் நகரத்தில் புதைத்து வைக்கும்படி தெய்வக் கட்டளை பெறுகிறான். வெள்ளம் வடிந்தபின் தப்பியவர்கள் அவற்றைத் தோண்டியெடுத்து மக்களுக்குக் கொடுக்கிறார்கள். யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸும் இதை ஒத்த கதை சொல்கிறார்: சேத்தின் வழிவந்தோர் தம் வானியல் அறிவை, ஒன்று அழிந்தாலும் ஒன்று நிற்கட்டும் என்று செங்கல் தூண் ஒன்றிலும் கல் தூண் ஒன்றிலும் பொறித்தார்கள். ஆதியாகமத்தில் நூலைக் காக்கும் பேச்சே இல்லை.

சீர்காழியில் 2023 ஏப்ரலில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். குடமுழுக்கு யாகசாலைக்காகக் கோயில் வளாகத்தில் மண் எடுத்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. ஏதோ ஒரு காலத்தில் ஆபத்தை எதிர்பார்த்து யாரோ பத்திரமாகப் புதைத்தவை. சிப்பாரில் கதையாகச் சொல்லப்பட்டது சீர்காழியில் வரலாறாகவே நடந்திருக்கிறது.

நூல் தப்பாத கதையும் தமிழில் உண்டு. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களின் வரலாற்றைச் சொல்கிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, 89 அரசர். இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3700 ஆண்டு, 59 அரசர். கடைச்சங்கம் 1850 ஆண்டு, 49 அரசர். இடையிடையே கடல் நாட்டைக் கொண்டது. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று மறைந்த நூல்களின் பட்டியலையும் உரை தருகிறது. சிலப்பதிகாரமும் கலித்தொகையும் பாண்டியன் கடலிடம் நிலம் இழந்ததைக் குறிக்கின்றன.

இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது சுமேரிய அரசர் பட்டியல். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள களிமண் பட்டகம் ஒன்றில், ஐந்து நகரங்களில் எட்டு அரசர்கள் 241200 ஆண்டுகள் ஆண்டார்கள், பிறகு வெள்ளம் எல்லாவற்றையும் வாரிச் சென்றது, வானிலிருந்து அரசுரிமை மறுபடி இறங்கிக் கிஷ் நகரத்துக்கு வந்தது என்று எழுதியிருக்கிறது. ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஆதாம் முதல் நோவா வரை பத்துத் தலைமுறை. மெத்தூசலா 969 ஆண்டு வாழ்ந்தார். மூன்று இடத்திலும் வெள்ளத்துக்கு முன்னால் நீண்ட காலம், பின்னால் குறுகும் காலம். மூன்று இடத்திலும் எண்கள் கட்டப்பட்டவை. சுமேரிய ஆண்டுகளின் கூட்டுத்தொகை 3600-இன் மடங்கு. 3600 ஆண்டு அவர்களுடைய ‘சார்’ என்னும் அலகு. களவியல் உரையின் மூன்று எண்களும் 37-இன் மடங்கு. பழைய எழுத்தர்கள் காலத்தை எண்ணியதோடு நிற்கவில்லை, காலத்துக்கு ஒழுங்கும் கொடுத்தார்கள்.

கும்பகோணத்தில் தப்பியது குடம். படைப்பின் விதைகளையும் அமுதத்தையும் வைத்துப் பிரமன் மிதக்கவிட்ட கும்பம் வெள்ளத்தில் தெற்கே வந்து தங்கியது. சிவன் வேடன் உருவில் அம்பெய்து அதை உடைத்தார். அமுதம் பரவிய இடம் மகாமகக் குளம் என்பது ஐதிகம். மதுரையில் தப்பியது ஊரின் எல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், ஊழிக்குப் பிறகு பழைய நகரத்தின் எல்லை எது என்று பாண்டியன் வேண்டுகிறான். இறைவன் கைக்கங்கணமான பாம்பு வட்டமாகத் தன்னை வளைத்து, வாலை வாயில் கவ்வி எல்லையைக் காட்டுகிறது. அதனால் ஊர் திருவாலவாய். சங்கப்பலகை தந்த படலம் இதற்குச் சற்றுப் பின்னால்தான் வருகிறது. ஊரும் நூலும் அடுத்தடுத்து மீள்கின்றன.

சத்தியவிரதனும் மீனும்

இந்திய வெள்ளக் கதைகளில் பழையது சதபத பிராமணத்தில் உள்ளது. கை கழுவும் நீரில் வந்த சிறு மீனை மனு வளர்க்கிறார். அது வெள்ளத்தைப் பற்றி எச்சரிக்கிறது. பெரிதானதும் அதன் கொம்பில் படகைக் கட்டி வடமலைக்குப் போகிறார். பாவம், தண்டனை என்ற பேச்சே அதில் இல்லை.

பாகவத புராணம் இந்தக் கதையைத் தென்னாட்டுக்குக் கொண்டுவருகிறது. அதில் நாயகன் திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன். மீனைக் கண்டது கிருதமாலை ஆற்றில். வைகையே அந்த ஆறு என்பது மதுரை மரபு. இன்றிலிருந்து ஏழாம் நாள் வெள்ளம் என்கிறது மீன். ஏழு முனிவர்களும் மூலிகைகளும் விதைகளும் படகில் ஏறுகின்றன; வாசுகி கயிறாகிறது. களவுபோன வேதங்கள் மீட்கப்படுகின்றன. ஏழு நாள் கெடு அத்ராஹசிஸிலும் இருக்கிறது, ஆதியாகமம் 7-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. மெசொப்பொத்தேமியாவில் மனிதனுக்குத் துப்புக் கொடுத்த என்கியும் நீருக்குரிய தெய்வமே. இதை வைத்துக் கடல் வணிகத்தோடு கதையும் பயணம் செய்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதினார்கள். ‘ஊர்’ என்ற மெசொப்பொத்தேமிய நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளி மணிகள் கிடைத்திருப்பதால் வணிகத் தொடர்பில் ஐயமில்லை. ஆனால் பறவையும் பலியின் மணமும் போன்ற தனி விவரங்கள் இங்கே இல்லாததால், நோவா கதைக்குச் சொல்வதைப்போல இதற்குத் திடமாகச் சொல்ல முடியவில்லை.

வெள்ளத்துக்கு வெளியே

வேறு கதைகளிலும் ஒப்பீடு நடந்திருக்கிறது. பாபிலோனியப் படைப்புக் காவியமான எனூமா எலிஷ் ஏழு பலகைகள் கொண்டது. மார்துக் கடல் அரக்கி தியாமத்தை வீழ்த்தி, உடலைக் கருவாடாகக் கிழிக்கும் மீனைப்போல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலும் தொடக்கத்தில் ஆழ்நீர், பிறகு நீரைப் பிரித்தல். ஆனால் போர் இல்லை, சொல் மட்டுமே. வானத்துச் சூரியனும் சந்திரனும் பாபிலோனில் தெய்வங்கள், இங்கே விளக்குகள்.

அக்காத் மன்னன் சார்கோனைப் பற்றிய கதையில், பூசாரிணியான தாய் அவனை இரகசியமாகப் பெற்று, நாணல் கூடையில் கீல் பூசி ஆற்றில் விடுகிறாள். தண்ணீர் இறைப்பவன் எடுத்து வளர்க்கிறான். மோசேயும் கீல் பூசிய நாணல் பேழையில் நைல் நதியில் விடப்படுகிறார். தமிழருக்கு இதைக் கேட்டதும் கர்ணன் நினைவு வரும்: குந்தி, பெட்டி, ஆறு, தேர்ப்பாகன். மூன்றிலும் எலும்புக்கூடு ஒன்று. கீல் பூசிய நாணல் கூடை முதல் இரண்டில் அச்சாகப் பொருந்துகிறது.

காயீன், ஆபேல் கதையோடு ஒப்பிடப்படுவது சுமேரியத்தின் ஆயனும் உழவனும் பற்றிய வழக்காடல். தெய்வமகள் இனன்னாவை மணக்க ஆயன் துமுசியும் உழவன் என்கிம்துவும் போட்டியிடுகிறார்கள். அங்கே வாய்ச்சண்டை நட்பில் முடிகிறது. ஆதியாகமத்தில் உழவன் ஆயனைக் கொல்கிறான். இந்தச் சகோதரர்களுக்குத் தமிழகத்தில் ஓர் இடமும் உண்டு. இராமேசுவரத்தில் ஆபில், காபில் தர்கா என்று வழங்கும் தர்காவில் இரண்டு நீண்ட கல்லறைகளை மக்கள் அவர்களுடையவையாகப் போற்றி வருகிறார்கள்.

ஒப்பீட்டின் வரலாறு

ஒப்பீடு எப்போதும் அமைதியாக நடந்ததில்லை. 1902 ஜனவரி 13 அன்று பெர்லினில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில் ஃப்ரெட்ரிக் டெலிட்ஷ் ‘பாபிலோனும் விவிலியமும்’ என்ற சொற்பொழிவை ஆற்றினார். விவிலியத்தின் சிறந்தவை பலவும் பாபிலோனிலிருந்து வந்தவை என்ற வாதம், அடுத்தடுத்த உரைகளிலும் நூல்களிலும் யூத வெறுப்பாக முற்றியது. 1962-இல் அமெரிக்க அறிஞர் சாமுவேல் சாண்ட்மெல், எங்கு பார்த்தாலும் ஒற்றுமையையே காணும் பழக்கத்தை ஒரு நோயைப்போல் சித்திரித்துக் கட்டுரை எழுதினார். விவிலிய ஆய்வில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

தமிழகத்தில் ஆப்பெழுத்தோடு தொடர்பு இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில், பாரசீகத்தின் பெகிஸ்தூன் பாறை ஆப்பெழுத்துக் கல்வெட்டில் உள்ள மூன்று மொழிகளில் ஒன்றைத் (இன்று எலாமிய மொழி என அறியப்படுவது) திராவிடத்தோடு ஒப்பிட்டார். ஸ்மித்தின் அறிவிப்புக்கு அது பதினாறு ஆண்டு முந்தியது.

1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் விலங்கினங்கள் பரவியதை விளக்க ‘லெமூரியா’ என்ற கண்டத்தைக் கற்பித்தார். தமிழறிஞர்கள் அதைக் கடல்கோள் செய்தியோடு இணைத்துக் குமரிக்கண்டம் என்றார்கள். தஞ்சையில் மருத்துவராகவும் இசையறிஞராகவும் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் லெமூரியாவையும் கடல்கோளையும் விரிவாகப் பேசினார். ஞா. தேவநேயப் பாவாணர் 1966-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் குமரிக்கண்டத் தமிழே உலக முதன்மொழி என்றார். இருவரும் கிறிஸ்தவர்கள், நோவாவையும் சங்க வரலாற்றையும் ஒருசேரப் படித்து வளர்ந்த தலைமுறையினர். இலங்கைப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965-இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என்று நூல் எழுதினார், மலேசியாவில் கி. லோகநாதன் சுமேரியத்தைத் தொல்தமிழ் என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர்கள் இதை ஏற்கவில்லை. சுமேரியம் இன்றுவரை உறவறியாத தனிமொழியாகவே வகைப்படுத்தப்படுகிறது.

மண் சொல்வது

1929-இல் ‘ஊர்’ நகரத்தைத் தோண்டிய லியனார்ட் வூலி எட்டடிக்கும் மேல் தடித்த வண்டல் படிவைக் கண்டு, நோவாவின் வெள்ளம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். செய்தி உலகெங்கும் பரவியது. ஷுருப்பாக்கிலும் வண்டல் கிடைத்தது, ஆனால் அதன் காலம் கி.மு. 2900 வாக்கு; ‘ஊர்’ நகரத்தின் படிவு அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. பக்கத்து நகரங்கள் சிலவற்றில் படிவே இல்லை. அவை தனித்தனி ஆற்று வெள்ளங்கள் என்பதே இன்றைய முடிவு.

குமரிக்கண்டத்துக்கும் நிலவியல் சாட்சி சொல்லவில்லை. மனித காலத்தில் இந்தியப் பெருங்கடலில் கண்டம் எதுவும் மூழ்கவில்லை. கடைசிப் பனியூழிக்குப் பிறகு கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் உயர்ந்தது உண்மை. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. கரையோர ஊர்கள் கடலுக்கு இரையானதும் உண்மை. 1964-இல் தனுஷ்கோடிக்கும் 2004 டிசம்பர் 26-இல் நாகையிலிருந்து காசிமேடு வரைக்கும் என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வழிபாட்டில் இன்று

பாபிலோனியக் கதைக்கு இன்று பூசை செய்வோர் இல்லை; அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் வழக்கில் உள்ளன. வடசென்னையில் மூலக்கொத்தளத்துக்குக் கிழக்கே, படகுத் தொழில் செய்த கத்தோலிக்கர்கள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தில், எல்லாக் கத்தோலிக்க ஆலயங்களையும் போலவே, பாஸ்கா திருவிழிப்பு இரவில் ஆதியாகமத்தின் படைப்பு வரலாறு வாசிக்கப்படுகிறது. திருமுழுக்கு நீரை மந்திரிக்கும் மன்றாட்டில் நோவா காலத்து வெள்ளம் நினைவுகூரப்படுகிறது. சற்றுத் தெற்கே ஜார்ஜ் டவுனில், ஊரார் அரண்மனைக்காரன் தெரு என்றழைத்த ஆர்மேனியன் தெருவில் 1712-இல் கட்டி 1772-இல் புதுப்பித்த ஆர்மேனியர் ஆலயம் உள்ளது. நோவாவின் பேழை தங்கியதாக நம்பப்படும் அரராத் மலையைத் தம் நாட்டின் அடையாளமாகக் கொண்ட அந்த மக்களின் முதல் இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் அச்சானது.

சீர்காழியில் தோணியப்பருக்கு நாள்தோறும் பூசை நடக்கிறது. கும்பகோணத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை வரும் மகாமகம் கடைசியாக 2016 பிப்ரவரியில் நடந்தது. அடுத்தது 2028-இல் வருகிறது.